அடுத்தவர் கூரைக்கு ஒரு வாக்கு

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகளில் குடியிருப்பவர்களுக்கு வாக்களிப்பு என்றால் பொதுத்தேர்தல் மட்டுமல்ல. "இல்ல மேம்பாட்டுத் திட்டம் உங்கள் புளோக்குக்கு வேண்டுமா?" என்று வீட்டுக்கு வீடு கேட்கும் வாக்களிப்பும் உண்டு. தகுதிபெற்ற குடிமக்கள் குடும்பங்களில் நூற்றுக்கு 75 ஆதரித்தால்தான் வேலை தொடங்கும். 2001இல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டத்துக்கும் அதே 75 விழுக்காட்டு விதிதான் இருந்தது. வாக்களிக்கும் முன் குடும்பத்தினர் என்ன கேட்பார்கள்? கையிலிருந்து எவ்வளவு போகும்? எத்தனை நாள் தூசியும் சத்தமும் பொறுத்துக்கொள்ள வேண்டும்? முடிந்த பிறகு கிடைப்பது என்ன? மூன்றுக்கும் பதில் தெரிந்தால் முடிவெடுப்பது எளிது. அது அவரவர் வீட்டுக்கு அவரவரே போட்டுக்கொள்ளும் வாக்கு.

இன்றைய தலைப்பு அதைவிடக் கடினமானது. முகம் தெரியாத ஒருவருக்கு வீடு கட்டித் தருவதற்காக, ஏற்கெனவே சொந்த வீடு வைத்திருப்பவர் தம்முடைய சொத்து வரியை உயர்த்திக்கொள்ளச் சம்மதிப்பாரா? அமெரிக்க நகரங்கள் பல இந்தக் கேள்வியை வாக்குச்சீட்டிலேயே அச்சிட்டுக் கேட்கின்றன. சில நகரங்களில் மக்கள் "ஆம்" என்றார்கள். சில நகரங்களில் "இல்லை" என்றார்கள். ஓராண்டு "இல்லை" என்று சொன்ன அதே நகரம் மறு ஆண்டே "ஆம்" என்றதும் உண்டு. இடையில் மாறியது என்ன என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

மக்களை ஏன் கேட்க வேண்டும்?

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. கட்டுமானத்துக்கான பணம் அரசாங்கத்திடமிருந்து வந்தது. எந்தப் பேட்டையில் எத்தனை வீடு, அதற்கு எவ்வளவு செலவு என்று மக்களிடம் தனியாக வாக்கெடுப்பு நடந்ததில்லை. மலேசியாவிலோ நகராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தி வைக்கப்பட்டன. இன்றும் ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் நியமனம் செய்யப்படுகிறார்களே தவிர, மக்கள் வாக்களித்து வருவதில்லை. ஆகவே வரியை உயர்த்தலாமா என்று நகர மன்றம் குடிமக்களிடம் வாக்குக் கேட்பது இந்த வட்டாரத்து மக்களுக்குப் புதுமையாகத் தோன்றலாம்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. வாடகை உதவிக்குத் தகுதியுள்ள ஏழைக் குடும்பங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குத்தான் மத்திய அரசின் உதவி கிடைக்கிறது. மற்றவர்கள் காத்திருக்க வேண்டும், அல்லது வருமானத்தில் பாதியை வாடகைக்கே கொடுக்க வேண்டும். வருமானத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் வாடகைக்குப் போகக்கூடாது என்பது அங்கே பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அந்த அளவுக்குள் வாடகை அமைந்தால்தான் அது கட்டுப்படியான வீடு.

மத்திய அரசு விட்ட இடத்தை நகரம் நிரப்பலாம். ஆனால் நகரத்தின் கையைச் சட்டம் கட்டியிருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு நகரம் தன் சொத்து வரி வசூலை, புதுக் கட்டடங்கள் தரும் வரி நீங்கலாக, ஆண்டுக்கு ஒரு விழுக்காட்டுக்கு மேல் தானாக உயர்த்த முடியாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் மக்களிடம் வாக்குக் கேட்க வேண்டும். கலிபோர்னியாவில் நகரம் சொத்து வரியைப் பிணையாக வைத்துக் கடன்பத்திரம் வெளியிடவும் மக்களின் சம்மதம் வேண்டும். வீடு கட்டப் பணம் வேண்டுமா? வாசல் வாசலாக ஏறி இறங்கு என்பதுதான் அங்கே சட்டம் சொல்லும் வழி.

சியாட்டல்: ஏழு முறை "ஆம்"

இந்த வழியில் நெடுந்தூரம் வந்த நகரம் சியாட்டல். 1981இல் முதியோர் வீடுகளுக்காக ஏறத்தாழ 48 மில்லியன் டாலர் கடன்பத்திரத்துக்கு மக்கள் ஒப்புதல் கொடுத்தார்கள். பிறகு 1986, 1995, 2002, 2009, 2016, 2023 ஆகிய ஆண்டுகளில் வீடமைப்பு வரிக்கு வாக்களித்து "ஆம்" என்றார்கள். 2002இல் 86 மில்லியன், 2009இல் 145 மில்லியன், 2016இல் 290 மில்லியன், 2023இல் 970 மில்லியன் டாலர். கேட்ட தொகை ஒவ்வொரு முறையும் ஏறியது. 2023இல் ஒரே தாவலாக மூன்று மடங்குக்கு மேல் போனது. அப்போதும் வாக்களித்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஏழு பேர் ஆதரித்தார்கள்.

சியாட்டல்காரர்கள் எல்லாரும் கொடைவள்ளல்களா? அப்படிச் சொல்லிவிட முடியாது. அந்த வரி அமைந்திருக்கும் விதத்தைப் பார்த்தால் விடை தெரியும்.

முதலாவது, காலக்கெடு. அண்மைக்கால வரிகள் ஒவ்வொன்றும் ஏழு ஆண்டுக்கு மட்டுமே. கெடு முடிந்ததும் மறுபடி மக்களிடம் வர வேண்டும். என்றென்றைக்கும் எழுதிக்கொடு என்று கேட்பது ஒன்று, ஏழு ஆண்டு கொடு, பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய் என்று கேட்பது வேறு.

இரண்டாவது, தொகை. 970 மில்லியன் என்பது சாதாரணக் குடும்பத்துக்குப் புரியாத எண். வாக்காளருக்குச் சொல்லப்பட்டதோ வேறு கணக்கு. சொத்து மதிப்பில் ஒவ்வோர் ஆயிரம் டாலருக்கும் ஏறத்தாழ 45 செண்ட். வீட்டின் மதிப்பு 800,000 டாலர் என்றால் ஆண்டுக்கு 360 டாலர், மாதத்துக்கு 30 டாலர். இது புரியும். வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் ஒரே கணக்கை வைத்துக்கொண்டு பேச முடியும்.

மூன்றாவது, யாருக்கு. நகரத்துக் குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம் ஓர் அளவுகோல். வாடகை வீட்டுத் திட்டம், அதில் 60 விழுக்காடு வரை சம்பாதிப்பவர்களுக்கு உரியது. 30 விழுக்காட்டுக்கும் கீழே இருப்பவர்களுக்கு முன்னுரிமை. பணம் பெற்றுக் கட்டப்படும் கட்டடத்தில் வாடகையைப் பல பத்தாண்டுகளுக்கு அந்த அளவிலேயே வைத்திருக்க வேண்டும். இன்று கட்டி, பத்து ஆண்டில் விலையேற்றி விற்றுவிட முடியாது.

நான்காவது, கணக்கு. குடிமக்கள் அடங்கிய மேற்பார்வைக் குழு ஒன்று இருக்கிறது. பணம் எங்கே போனது, எத்தனை வீடு எழுந்தது என்று ஆண்டறிக்கை வருகிறது. ஏழாம் ஆண்டில் திரும்பவும் வாக்குக் கேட்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போவதில்லை. முடிந்த வேலையைக் காட்டிவிட்டுத்தான் கேட்கிறார்கள்.

ஆஸ்டின்: தோல்வி கற்றுத்தந்த பாடம்

டெக்சஸ் மாநிலத்தின் தலைநகரான ஆஸ்டினில் 2006ஆம் ஆண்டு மக்கள் 55 மில்லியன் டாலர் வீடமைப்புக் கடன்பத்திரத்துக்கு ஒப்புதல் தந்தார்கள். அந்தப் பணத்தின் துணையில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டன, அல்லது பழுது பார்க்கப்பட்டன. பணம் தீர்ந்ததும் 2012 நவம்பரில் 78.3 மில்லியன் டாலருக்கு மீண்டும் கேட்டார்கள்.

அன்று வாக்குச்சீட்டு நீண்டிருந்தது. அதிபர் தேர்தல் நாள் வேறு. நகரத்தின் சார்பில் மட்டும் 18 முன்மொழிவுகள், அவற்றில் ஏழு கடன்பத்திரங்கள். சாலைக்கு "ஆம்", பூங்காவுக்கு "ஆம்", காவல், தீயணைப்புப் பணிக்கு "ஆம்", நூலகத்துக்கு "ஆம்". ஏழில் ஆறு வென்றன. வீடமைப்பு ஒன்று மட்டும் சிறிய வித்தியாசத்தில் தோற்றது.

இந்த ஆறுக்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆஸ்டின் மக்கள் வரி கட்டவே மாட்டோம் என்று சொல்லவில்லை. மற்ற ஆறுக்கும் கொடுத்தார்கள். சாலையில் எல்லாரும் போகிறார்கள், பூங்காவில் எல்லாரும் நடக்கிறார்கள். வீடமைப்பு என்றதும் "அது வேறு யாருக்கோ" என்ற நினைப்பு. சீட்டில் பல வரிகளுக்கு நடுவே கிடந்த அந்த ஒரு வரி, யாருக்கு எதற்கு என்று எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் போனால் தோற்கத்தான் செய்யும்.

ஆதரவாளர்கள் துவண்டுவிடவில்லை. 2013 நவம்பரில், சரியாக ஓராண்டில், 65 மில்லியன் டாலருக்கு மீண்டும் கேட்டார்கள். இந்த முறை வீடமைப்பு தனியாக நின்றது. 2006இல் கொடுத்த பணத்தில் எழுந்த வீடுகளையும், அங்கே குடியேறிய முதியவர்கள், உடற்குறையுள்ளோர், குறைந்த சம்பளக்காரர்கள், அவர்களுடைய பிள்ளைகள் ஆகியோரையும் முன்னிறுத்திப் பேசினார்கள். ஏறத்தாழ பத்தில் ஆறு பேர் ஆதரித்தார்கள். 2018இல் 250 மில்லியன் டாலர், 2022இல் 350 மில்லியன் டாலர். இரண்டு முறையும் பத்தில் ஏழு பேருக்கு மேல் "ஆம்" என்றார்கள்.

ஊர் அதே ஊர். வாக்காளர்களும் பெரும்பாலும் அவர்களே. கேட்ட விதம் மாறியது. "ஏழைகளுக்கு இரக்கப்படுங்கள்" என்பது ஒரு பேச்சு. "நீங்கள் முன்பு கொடுத்த பணம் இதோ இந்தக் கட்டடம், இதோ இந்தக் குடும்பம்" என்பது வேறு பேச்சு. இரக்கம் ஒரு நாள் இருக்கும், மறுநாள் இருக்காது. கண்ணால் பார்த்த கட்டடம் மனத்தில் நிற்கும்.

பிரசாரத்தைச் செய்வது யார்?

இங்கே ஒரு நுட்பமான விஷயம் இருக்கிறது. வரி வேண்டும் என்று முன்மொழிவது நகர மன்றம். ஆனால் வாஷிங்டன், கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் நகராட்சி தன் பணத்தையும் ஊழியர்களையும் வைத்து "ஆம் என்று போடுங்கள்" எனப் பிரசாரம் செய்யச் சட்டம் இடம் தராது. நடுநிலையான தகவலை மட்டும் வெளியிடலாம். பிரசாரத்தைக் குடிமக்கள்தான் குழு அமைத்து, நன்கொடை திரட்டி நடத்த வேண்டும்.

அறநிறுவனங்களும் சமய அமைப்புகளும் அமெரிக்காவில் எந்த வேட்பாளருக்கும் ஆதரவு கேட்கக் கூடாது என்பது வரிச்சட்ட விதி. ஆனால் இத்தகைய முன்மொழிவை ஆதரித்து அவை ஓர் அளவுக்குள் பேசலாம், வாக்கும் கேட்கலாம். பலருக்கு இந்த வேறுபாடு தெரிவதில்லை. "அரசியல் வேண்டாம்" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். வீடில்லாதவருக்கு அன்றாடம் சோறு போடும் அமைப்பு, வீட்டுக்கான வாக்கெடுப்பில் வாய் திறக்காமல் இருந்தால், அந்த வேலையைச் செய்ய வேறு யார் வருவார்கள்?

அடுத்தது, வாக்களிக்க வராதவர்கள். அமெரிக்காவில் சொந்த வீட்டில் இருப்பவர்களைவிட வாடகைக்கு இருப்பவர்கள் குறைவாகவே வாக்களிக்கிறார்கள். காரணம் சோம்பல் அல்ல. வாடகை ஏறினால் வீடு மாற வேண்டும். வீடு மாறினால் வாக்காளர் பதிவை மாற்ற வேண்டும். இரண்டு வேலை பார்ப்பவருக்கு அதற்கு நேரம் ஏது? ஆகப் பயன்பெற வேண்டியவரே வாக்குப் பட்டியலில் இல்லாமல் போகிறார். பிள்ளைக்குப் பசி, தட்டோ பூட்டிய அலமாரியில் என்பதுபோல. ஆகவே அடுக்குமாடி வாடகை வீடுகளின் வாசலில் நின்று பதிவு செய்ய வைப்பதும், முகவரி மாற்ற உதவுவதும், அவரவர் மொழியில் விளக்குவதும் பிரசாரத்தின் முதல் வேலையாகின்றன. மேடைப் பேச்சு அதற்குப் பிறகுதான்.

வாஷிங்டன் மாநிலத்தில் வாக்குச்சீட்டு அஞ்சலில் வீட்டுக்கே வந்துவிடுகிறது. வாக்காளர் கையேட்டில் முன்மொழிவின் விளக்கமும், ஆதரிப்போர் வாதமும், எதிர்ப்போர் வாதமும் அருகருகே அச்சாகியிருக்கும். சீட்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக் குடும்பமாகப் பேசி நிரப்பலாம். ஆனால் மேசையிலேயே மறந்துபோய்க் கிடக்கவும் கூடும். ஆகவே தொண்டர்கள் கடைசி வாரத்தில் கேட்கும் கேள்வி, "எதற்கு வாக்கு?" என்பதல்ல. "சீட்டை அனுப்பிவிட்டீர்களா?" என்பதுதான்.

பெரும்பான்மை வென்றும் தோற்பது

எல்லாம் சரியாகச் செய்தும் தோற்க முடியுமா? முடியும். கலிபோர்னியாவில் நகரங்களின் இத்தகைய கடன்பத்திரத்துக்குப் பாதிக்கு மேல் வாக்கு போதாது, மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 2020 நவம்பரில் சான் டியாகோ நகரம் 900 மில்லியன் டாலர் கேட்டது. நூற்றுக்கு 57 பேருக்கு மேல் "ஆம்" என்றார்கள். ஆனாலும் தோல்விதான். 43 பேரின் "இல்லை" 57 பேரின் "ஆம்" என்பதைத் தடுத்து நிறுத்தியது.

இந்த வரம்பை 55 விழுக்காடாகக் குறைக்கலாமா என்று 2024 நவம்பரில் மாநிலம் முழுவதும் ஐந்தாவது முன்மொழிவாகக் கேட்டார்கள். மக்கள் மறுத்துவிட்டார்கள். தங்கள் பணப்பையின் பூட்டைத் தளர்த்தச் சொன்னபோது கலிபோர்னிய வாக்காளர்கள் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. 75 விழுக்காட்டு விதிக்குப் பழகிய சிங்கப்பூரர்களுக்கு அது புரியக்கூடியதுதான். செலவில் எல்லாரும் பங்கு கொள்ளும்போது, பெரும்பாலோர் மனமொப்பி வர வேண்டும் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்துக்கு விலை கொடுப்பவர் வீடில்லாதவர் என்பதும் உண்மை.

வென்ற பிறகு வரும் சோதனை

லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் 2016 நவம்பரில் மூன்றில் இரண்டு பங்கு என்ற அந்த உயரத்தைத் தாண்டியது. தெருவில் வசிப்போருக்கும் வீடிழக்கும் நிலையில் இருப்போருக்கும் வீடு கட்ட 1.2 பில்லியன் டாலர் கடன்பத்திரம். நூற்றுக்கு ஏறத்தாழ 77 பேர் ஆதரித்தார்கள். பத்தாண்டில் 10,000 வீடுகள் என்பது இலக்கு.

வெற்றி விழா முடிந்தது. வீடுகள் எங்கே? முதல் கட்டடம் திறக்கவே மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. நிலம் தேட வேண்டும், அனுமதி வாங்க வேண்டும், ஒரே கட்டடத்துக்குப் பல இடங்களிலிருந்து நிதி சேர்க்க வேண்டும். கட்டுமானச் செலவு வேறு ஏறியது. 2021இல் கட்டப்பட்டு வந்த வீடுகளின் சராசரிச் செலவு, வீடொன்றுக்கு ஏறத்தாழ 600,000 டாலர் என்று நகரத்தின் கணக்காய்வு அறிக்கை சொன்னது. அந்தச் செலவில் கடன்பத்திரப் பணம் ஒரு பங்குதான், மீதி வேறு நிதிகளிலிருந்து வந்தது. ஆனால் பத்திரிகைத் தலைப்பில் நிற்பது 600,000 என்ற எண்தான். "வீட்டைக் கட்டிப்பார்" என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்!

வாக்குக் கேட்கும்போது "பணம் கிடைத்தால் தீர்ந்துவிடும்" என்று பேசியவர்கள், "முதல் வீடு வர மூன்று ஆண்டு ஆகும்" என்றும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் சில வாக்குகள் குறைந்திருக்கலாம். ஆனால் நம்பிக்கை மிஞ்சியிருக்கும். அடுத்த முறை கேட்கப் போகிறவருக்கு அதுதான் முதலீடு.

2022இல் லாஸ் ஏஞ்சலிஸ் வாக்காளர்கள் வேறொரு வழியைத் தேர்ந்தார்கள். 5 மில்லியன் டாலருக்கு மேல் விலைபோகும் சொத்துகளின் விற்பனைக்குக் கூடுதல் வரி. நூற்றுக்கு ஏறத்தாழ 58 பேர் ஆதரித்தார்கள். அது குடிமக்கள் கையெழுத்துத் திரட்டிக் கொண்டுவந்த முன்மொழிவு என்பதால் பாதிக்கு மேல் போதுமானதாயிற்று. சியாட்டலில் 2025 பிப்ரவரியில் ஒருவருக்கு ஆண்டுக்கு ஒரு மில்லியன் டாலருக்கு மேல் ஊதியம் தரும் நிறுவனங்கள்மீது, அந்தக் கூடுதல் தொகைக்கு 5 விழுக்காடு வரி போட்டுச் சமூக வீடுகள் கட்ட மக்கள் ஒப்புக்கொண்டார்கள். சாதாரண வீட்டுக்காரரின் சுமையைக் கூட்டாமல், பெரிய இடத்தில் கை வைக்கும் முறை இது. வாக்குக் கிடைப்பது எளிது. ஆனால் சொத்து விற்பனை குறையும் ஆண்டில் வரியும் குறையும், பெரிய நிறுவனம் இடம் மாறினாலும் வரி குறையும். எளிதாகக் கிடைத்த வாக்கு, நிலையான வருமானத்துக்கு உத்தரவாதம் அல்ல.

எதிர்ப்பவர் சொல்வதையும் கேட்க வேண்டும்

"ஓய்வூதியத்தில் வாழ்கிறேன், வீட்டின் மதிப்பு ஏறியதால் வரி ஏறுகிறது, என்னையும் வீட்டைவிட்டுத் துரத்தாதீர்கள்" என்கிறார் ஒரு முதியவர். நியாயமான பேச்சு. அதனால்தான் வாஷிங்டன் மாநிலத்தில் வருமானம் குறைந்த முதியவர்களுக்குச் சொத்து வரியில் சலுகை உண்டு. அதை எடுத்துச் சொல்லாத பிரசாரம் பாதிப் பிரசாரம்.

"வீட்டுக்காரர் வரியை வாடகையில் ஏற்றிவிடுவார், கடைசியில் ஏழைதானே கட்டுகிறார்?" என்கிறார் இன்னொருவர். அதிலும் உண்மை உண்டு. மாதம் சில டாலர் ஏறலாம். அதற்கு ஈடாக எத்தனை குடும்பத்துக்கு நிலையான வாடகை கிடைக்கிறது என்று கணக்குக் காட்டுவதுதான் பதில். அவரை வாயடைப்பது பதிலாகாது.

"வரி போடுவதை விட்டுவிட்டு, அதிக வீடு கட்ட விதிகளைத் தளர்த்துங்கள்" என்கிறார் மூன்றாமவர். அவர் சொல்வதும் தேவை. ஆனால் மிகக் குறைந்த சம்பளக்காரர் கொடுக்கக்கூடிய வாடகையில் கட்டடத்தின் கடனையும் பராமரிப்பையும் ஈடுகட்ட முடியாது. அந்த இடைவெளியைப் பொதுப்பணம்தான் நிரப்ப வேண்டும். இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

நேயர்களே, இந்த நகரங்களின் அனுபவத்தைச் சுருக்கினால் வாக்காளர் கேட்பது நான்கே கேள்வி. யாருக்கு? நான் எவ்வளவு கட்ட வேண்டும்? எத்தனை ஆண்டுக்கு? போன முறை கொடுத்தது என்னவாயிற்று? முதல் மூன்றுக்குப் பேச்சாளர் பதில் சொல்லிவிடலாம். நான்காவதுக்குக் கட்டி முடித்த வீடுதான் பதில் சொல்லும். ஆகவே அடுத்த வாக்கெடுப்பின் பிரசாரம், முந்தைய வாக்கெடுப்பு வென்ற மறுநாளே தொடங்கிவிடுகிறது. அடிக்கல் நாட்டும்போதும், தாமதமானால் தாமதம் என்று ஒளிக்காமல் சொல்லும்போதும், புதுவீட்டின் சாவி ஒரு குடும்பத்தின் கைக்குப் போகும்போதும் அது நடந்துகொண்டிருக்கிறது.

நகராட்சித் தேர்தல் இல்லாத ஊரிலும், வீட்டுக்காகத் தனி வாக்கெடுப்பு இல்லாத ஊரிலும் இந்த நான்கு கேள்விகளுக்கு வேலை உண்டு. குடியிருப்பாளர் சங்கக் கூட்டத்தில் கேட்கலாம். நாடாளுமன்ற உறுப்பினர் மக்களைச் சந்திக்கும் நாளில் கேட்கலாம். தேர்தல் அறிக்கையில் "கட்டுப்படியான வீடு" என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கலாம். கேட்பவர் கூடக்கூட, பதில் சொல்ல வேண்டியவரும் கணக்கோடு வருவார்.